கணக்கில் சேராத எல்க்

வெர்லின் எங்கே கிளம்பினாலும் முதலில் குளியலறைத் தராசு கார் கொட்டகைக்கு வந்துவிடும். இரும்பு வாணலி, மடக்கு நாற்காலி, சீட்டுக்கட்டு, என் கம்பளிக் காலுறை வரை எல்லாம் அதில் ஏறி இறங்கும். கடைசியில் நாங்கள் ஏற வேண்டும், பூட்ஸோடும் கோட்டோடும். கட்டிய மனைவியை உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி நிறுத்துப் பார்க்கிறவன் ஐடஹோ மாநிலம் முழுக்கத் தேடினாலும் என் புருஷன் ஒருவன்தான் கிடைப்பான்.

ஆனாலும் அவன் செய்வதில் நியாயம் உண்டு. எங்கள் பிக்கப் வண்டியின் பின்தொட்டியில் ஒரு கேம்பரை ஏற்றி வைத்திருக்கிறோம். படுக்கை, அடுப்பு, மேசை எல்லாம் உள்ள சின்ன வீடு அது. வண்டி அதை இழுத்துப் போவதில்லை, முதுகில் சுமந்து போகிறது. வண்டி எவ்வளவு தாங்கும் என்று கதவோரத்தில் ஒட்டியிருக்கிறது: ஆட்களும் சாமானும் சேர்ந்து இரண்டாயிரத்து அறுநூற்று ஐம்பது பவுண்டு. கேம்பரை விற்றவன் அதன் எடை என்று ஒன்றைச் சொன்னான். வெர்லின் நம்பவில்லை. ஊர் தானியக் கிடங்கின் எடைமேடையில் ஏற்றிப் பார்த்தான். எரிவாயு உருளை, பேட்டரி என்று விற்றவன் சேர்க்காமல் விட்டதெல்லாம் சேர்ந்து ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது என்றது மேடை. சொன்னதைவிட முந்நூறு கூடுதல்.

மிச்சத்தில் நாங்கள் மூன்று பேர், எல்க் என்கிற மாட்டளவு பெரிய மானை வேட்டையாடக் கிளம்பியவர்கள். நான் நூற்று நாற்பது, வெர்லின் நூற்று எண்பத்தைந்து. என் தம்பி ஆரின் தராசில் ஏறியபோது ஊசி இருநூற்று ஐம்பத்தைந்தில் போய் நின்றது.

"பூட்ஸைக் கழட்டட்டுமா?" என்றான் ஆரின்.

"தொப்பையைக் கழட்ட முடியுமா பாரு" என்றான் வெர்லின்.

சாமான் நூற்றுப் பத்து. தண்ணீர்த் தொட்டியைக் காலியாகவே விட்டான், மலையில் ஓடை இருக்கிறது என்று. எல்லாவற்றையும் கூட்டினால் இன்னும் முப்பது பவுண்டு இடம் இருந்தது. கொட்டகைச் சுவரில் பென்சிலால் கூட்டல் போட்டுவிட்டு, ஏதோ பிள்ளை பெற்றவன் போல நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "எல்லாஞ் சரி. எல்க் கிடைச்சா அதை எங்க வைப்ப?" என்றேன்.

இருவரும் என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். சாவு வீட்டில் சிரித்தவளைப் பார்க்கிற பார்வை.

"அக்கா, வாயைக் கழுவு" என்றான் ஆரின்.

"கெளம்பும்போதே அதைப் பேசணுமா?" என்றான் வெர்லின். "அதைக் கணக்குல சேத்தா அது வராது லவோனா. உனக்குத் தெரியாதா?"

தெரியாமல் என்ன. எங்கள் பக்கத்தில் வேட்டைக்குப் போகிறவன் எவனும் "கிடைக்கும்போது" என்று சொல்ல மாட்டான். பிள்ளை பெறும் முன்னே பேர் வைக்கக் கூடாது என்பது போலத்தான். எங்கள் தெருவில் ஒருவன் வேட்டைக்கு முன்னாலேயே இறைச்சிக்கென்று உறைபெட்டியைக் காலி செய்து துடைத்து வைத்தான். அதற்குப் பிறகு பல வருஷம் அவனுக்கு முயல்கூடக் கிடைக்கவில்லை. இன்றும் அவனைக் காட்டிப் பிள்ளைகளை மிரட்டுகிறார்கள். ஆகவே கரண்டி வரை எடை போட்ட என் புருஷன், எதற்காகப் போகிறோமோ அதன் எடையைப் போடவில்லை.

மேலே போகிற வழி லேட்டன் இறக்கம். போகும்போது அது ஏற்றம்தான், ஆனாலும் பெயர் அதுதான், ஏறியவர்களைவிட இறங்கியவர்கள் அதை நினைவில் வைத்திருப்பதால். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். நடுவில் கம்பி வேலி ஏதும் இல்லாத மண் பாதை. அது பள்ளத்துப் பக்கமாகவே சாய்ந்திருக்கும். பாதி வழியில் ஒரு கொண்டை ஊசி வளைவு, அதற்குக் கீழே மட்டும் சரளைக்கல் போட்டிருக்கும். எங்கள் வண்டி ஒரே வீச்சில் அதில் திரும்பாது, முன்னும் பின்னும் எடுத்துத்தான் திருப்ப வேண்டும். ஏறும்போது அதைத் தாண்டிவிட்டோம். தாண்டிய பிறகுதான் கேடு வந்தது. ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த பாறை ஒன்று பின் டயரைக் கிழித்தது, கேம்பரைத் தூக்கி நிறுத்தும் நான்கு கால்களில் ஒன்றையும் வளைத்தது.

மாற்று டயரைப் போட்டோம். அது பழைய வண்டியோடு வந்தது, இளைத்த டயர். அதன் பக்கத்தில் அச்சிட்டிருந்த எண்ணை வெர்லின் குனிந்து படித்தான். பிறகு எழுந்து நின்று, "இது முந்நூறு பவுண்டு கம்மியாத்தான் தாங்கும்" என்றான்.

"அப்படின்னா திரும்பிடலாம்."

"இந்த இடத்துல எங்க திருப்புறது? மேல போய்த்தான் ஆகணும். வரும்போது பாத்துக்கலாம்."

வரும்போது பார்த்துக்கலாம் என்ற வார்த்தையை ஆண்கள் வாயிலிருந்து கேட்டால் எனக்கு நம்பிக்கை போய்விடும். போனது.

மேலே முகாம் போட்டோம். எல்க் கிடைத்தது. எத்தனையோ வருஷம் வெறுங்கையோடு வந்த வெர்லின், பைன் மரங்களுக்கு நடுவே ஒரே குண்டில் பெரிய கிடா ஒன்றைச் சாய்த்தான். சாய்த்துவிட்டு அதன் பக்கத்தில் மண்டியிட்டு, தொப்பியைக் கழற்றினான். எனக்கு அவனை அப்போது மிகவும் பிடித்திருந்தது. மறுநாள் முழுக்க அறுத்து, எலும்பு நீக்கி, துணிப்பைகளில் கட்டி, முதுகில் சுமந்து முகாமுக்குக் கொண்டுவந்தோம். என் தோள்பட்டை இரண்டும் கழன்று போயின.

விடிந்ததும் மேற்கே பார்த்தேன். மேகம் கறுத்துத் திரண்டிருந்தது. வானொலியில் மழை என்றார்கள். அந்த மண் பாதை நனைந்தால் சவுக்காரம் மாதிரி வழுக்கும். ஒரு மழை விழுந்துவிட்டால் தரை உறையும் வரை யாரும் அதில் இறங்க மாட்டார்கள். எங்களுக்கோ சாப்பாடு தீர்ந்துகொண்டிருந்தது, குளிர் இல்லாததால் இறைச்சி ஒரு நாளைக்கு மேல் தாங்காது, கைப்பேசிக்கு அலையே இல்லை. மற்ற வேட்டைக்காரர்கள் எல்லாம் போய்விட்டார்கள்.

"பேசாம ஏத்திட்டுப் போவோம்" என்றான் ஆரின். "தலைக்கு மேல போன வெள்ளம், சாண் போனா என்ன, முழம் போனா என்ன?"

"சாண் போனா நீச்சலடிக்கலாம்டா. முழம் போனா மிதப்போம்" என்றேன்.

வெர்லின் ஒரு நீளமான கழியை எடுத்து, நடுவில் ஒரு கல்லை வைத்துக் கிணற்று ஏற்றம் போலச் செய்தான். ஒரு முனையில் ஐந்து கேலன் தண்ணீர் கேன். அது நாற்பது பவுண்டு என்பது எங்களுக்குத் தெரியும். மறு முனையில் இறைச்சிப் பைகளை ஒவ்வொன்றாகக் கட்டித் தொங்கவிட்டு, கேனில் தண்ணீரைக் கூட்டிக் குறைத்துச் சமன் பார்த்தான். எல்லாப் பையும் முடிந்ததும் சொன்னான்: "இருநூத்து முப்பது. கொம்பு இல்லாம."

கேம்பரை இங்கேயே இறக்கி வைத்துவிட்டுப் போகலாம் என்றால், வளைந்த காலோடு அதை இறக்க முடியாது. இறைச்சியைப் பாதி விட்டுப் போவது இங்கே சட்டப்படி குற்றம். குற்றமே இல்லாவிட்டாலும் அது கேவலம், ஓர் உயிரைக் கொன்றுவிட்டு அழுக விடுகிறவனோடு நாங்கள் யாரும் ஒரே மேசையில் உட்கார மாட்டோம். இரண்டு தடவையாக இறங்கலாம் என்றால் அந்த டயரோடு அந்தப் பாதையில் இரண்டு தடவை. அதற்குள் மழை வந்துவிடும்.

சாமான்களை இறக்கினோம். வாணலி, நாற்காலிகள், விளக்கு, ரம்பம் எல்லாவற்றையும் தார்ப்பாயில் சுற்றி மரத்தடியில் வைத்தோம். வெர்லின் கொம்புகளைத் தூக்கிப் பார்த்தான். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றான். பிறகு அவற்றைக் கொண்டுபோய் ஒரு பைன் கிளையில் மாட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தான். நான் ஏதாவது சொல்லியிருந்தால் அழுதிருப்பான், அல்லது நான் அழுதிருப்பேன்.

"இப்ப கேளுங்க" என்றான். "மாத்து டயருக்காகக் கழிச்சா வண்டி ரெண்டாயிரத்து முந்நூத்தம்பதுதான் தாங்கும். கேம்பர், எல்க், மிச்சச் சாமான் எல்லாம் சேத்து ரெண்டாயிரத்து நூத்தித் தொண்ணூறு. மூணு பேரும் ஏறினோம்னா நானூறு பவுண்டுக்கு மேல அதிகம். அதனால நீங்க ரெண்டு பேரும் இறக்கத்தை நடந்து இறங்குங்க. நான் ஓட்டிட்டு வரேன்."

எனக்குக் கணக்கு வராது என்று அவனுக்கு ஒரு நினைப்பு. நான் விரலை மடக்கினேன்.

"நீ எவ்வளவு வெர்லின்?"

"என்ன?"

"உன் எடை. நூத்தி எண்பத்தஞ்சு. நீ ஏறினா ரெண்டாயிரத்து முந்நூத்தி எழுபத்தஞ்சு. இருபத்தஞ்சு அதிகம்."

"இருபத்தஞ்சு ஒரு எடையா?"

"சீட்டுக்கட்டை எடை போட்டவன் பேசுற பேச்சா இது? நான் நூத்தி நாப்பது. நான் ஓட்டினா இருபது பவுண்டு மிச்சம்."

ஆரின் வாயைத் திறந்தான். "நீ சும்மா இருடா" என்றேன். "நீ ஏறினா வண்டி நேரா பள்ளத்துக்குப் போயிடும்."

வெர்லின் முகம் சிவந்துவிட்டது. "விளையாட்டில்ல லவோனா. அந்த டயர் பள்ளத்துப் பக்கம் இருக்கு. பாதையும் அந்தப் பக்கந்தான் சாயுது. மொத்தப் பாரமும் அதும் மேலதான் விழும்."

"தெரியும். அதான் லேசான ஆள் வேணும். இருபது வருஷமா இந்த மலையில பனியில பள்ளிக்கூடப் பஸ் ஓட்டினது யாரு? நீயா?"

"பஸ்ஸு வேற."

"ஆமா, பஸ்ல ஊரான் பிள்ளைங்க இருந்தாங்க. இதுல செத்த மாடு மாதிரி ஒரு மானு. சாவியக் குடு."

கொடுக்கவில்லை. காலணியால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றான். அவன் கோபம் என் மேல் இல்லை என்று எனக்குப் புரிந்தது. அவனுடைய கணக்கு அவனையே மடக்கிவிட்டது, அதிலிருந்து வெளியே வர வழி தேடிக்கொண்டிருந்தான். வழி இல்லை. மேற்கே இடி உருண்டது. சாவியை எடுத்து என் கையில் வைத்தான்.

"வளைவு கிட்ட நாங்க நிப்போம்" என்றான். "ஆரின் முன்னாடி நின்னு கை காட்டுவான். நான் கேம்பரைத் தட்டுறேன். ஒரு தட்டுன்னா வா. ரெண்டு தட்டுன்னா நில்லு. ரெண்டு தட்டுக்கு அப்புறம் ஒரு அங்குலம்கூட எடுக்கக் கூடாது. சரியா?"

"சரி."

"சரின்னு சொல்லு."

"சொல்லிட்டேனே!"

இறைச்சிப் பைகளை மலைப் பக்கமாக, ஆரின் உட்காரும் பின்னிருக்கையில் அடுக்கி இருக்கைப் பட்டையால் கட்டினோம். அவர்கள் இருவரும் முன்னால் நடந்து போனார்கள். நான் வண்டியைக் கிளப்பினேன்.

கேம்பர் ஏற்றிய வண்டியில் பின்னால் பார்க்கும் கண்ணாடி இருந்தும் பயன் இல்லை. கேம்பரின் சுவர்தான் தெரியும். பக்கக் கண்ணாடிகளில் ஒன்றில் மலையும் ஒன்றில் வானமும் தெரிந்தன. மிகக் குறைந்த கியரில் போட்டு, பிரேக்கைத் தொடாமல் இஞ்சினின் பிடியிலேயே இறக்கினேன். பாதை சாய்ந்த இடங்களில் எல்லாம் கேம்பர் பள்ளத்துப் பக்கம் சாய்ந்து முனகியது. அப்படிச் சாயும்போதெல்லாம் நானும் மலைப் பக்கம் சாய்ந்தேன், என் நூற்று நாற்பது பவுண்டு ஏதோ மலையையே இழுத்துப் பிடித்துவிடும் போல. கூழாங்கல் ஒன்று டயரில் பட்டுத் தெறித்தது. டயர்தான் வெடித்தது என்று நினைத்து, சத்தமாகக் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னேன். பின்னிருக்கையில் இருந்த எல்க் பொறுத்துக்கொண்டது.

வளைவு வந்தது. ஆரின் சாலை நடுவில் இரண்டு கையையும் தூக்கி நின்றான். வெர்லினைக் காணவில்லை. வண்டியின் பக்கத்தில் எங்கோ இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். வண்டியின் மூக்கை மலைச்சுவரில் முட்டும் அளவுக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். இனிப் பின்னால் எடுக்க வேண்டும். பின்னால் இருப்பது பள்ளம், எவ்வளவு தரை மிச்சம் என்பது எனக்குத் தெரியாது.

ஒரு தட்டு.

பிரேக்கை மெல்ல விட்டேன். வண்டி பின்னால் நகர்ந்தது. ஒரு தட்டு. இன்னும் கொஞ்சம். ஆரின் எனக்கு நேர் முன்னால் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். ஆனால் அவன் என்னைப் பார்க்கவில்லை. வண்டிக்கு அடியில், பின் சக்கரங்களுக்கு அந்தப் பக்கம் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. டயரைத்தான் பார்க்கிறான், டயர் போகப் போகிறது என்று நினைத்தேன். ஒரு காலை அசையாமல் பிரேக்கில் வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று பஸ் ஓட்டிய இருபது வருஷத்தில் எனக்குத் தெரிந்ததில்லை.

ஒரு தட்டு. வந்தேன். பின்பக்கம் கொஞ்சம் கீழே இறங்கியது. மண் சரிந்து உதிரும் சத்தம் கேட்டது. கேம்பர் நீளமாக ஒரு முறை முனகியது.

இரண்டு தட்டு. வேகமாக, கையால் இல்லை, முஷ்டியால்.

மிதித்தேன். நின்றது. அந்த நொடியில் நான் வேண்டியது டயருக்காகவா, எனக்காகவா என்று தெரியாது, வேண்டினேன். பிறகு கியரை மாற்றி, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து முன்னால் எடுத்தேன். சக்கரம் ஒரு கணம் வழுக்கிப் பிறகு பிடித்தது. மூக்கு மலைச்சுவரை உரசாமல் தாண்டியது. வளைவு கடந்துவிட்டது. பாதை அகன்ற இடத்தில் நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டு, கதவைத் திறந்து இறங்கினேன். அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

மழையின் முதல் துளிகள் விழுந்தன. விழட்டும். கீழே இனிச் சரளைக்கல் போட்ட நல்ல பாதைதான்.

ஆரின் ஓடிவந்தான். அந்த உடம்பு ஓடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வந்தவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான்.

"டேய், ஒண்ணும் ஆகலடா. டயர் தாங்கிடுச்சு" என்றேன்.

"டயராமே!" என்றான் ஆரின். "அவனைக் கேளுக்கா. எங்க நின்னான்னு அவனைக் கேளு."

வெர்லின் மெதுவாக வந்துகொண்டிருந்தான். நெஞ்சு வரை செம்மண். வலது கை முட்டியில் தோல் உரிந்து ரத்தம். உள்ளங்கை இரண்டிலும் புல்லைப் பற்றி இழுத்த கீறல்கள்.

"எங்க நின்ன?" என்றேன்.

"பின்னாடி."

"பின்னாடின்னா? பக்கத்துலயா?"

"பக்கத்துல நின்னா டயரும் விளிம்பும் ஒண்ணாத் தெரியாது லவோனா. கேம்பர் மறைக்குது. நேர் பின்னாடி, விளிம்புலயே நின்னாத்தான் எவ்வளவு மிச்சம்னு தெரியும்."

அந்த வளைவைத் திரும்பிப் பார்த்தேன். என் டயரின் தடம் விளிம்பு வரை போயிருந்தது. விளிம்பில் ஒரு கடி கடித்தது போல மண் பெயர்ந்திருந்தது. அதற்கு அப்பால் வெறும் வானம். நான் ஒரு அங்குலம் கூடுதலாக எடுத்திருந்தால், வண்டி போவதற்கு முன்னால் அவன் போயிருப்பான். என்னை வண்டியில் ஏற்றிவிட்டுத் தன் உயிரை என் காலடியில் கொண்டுபோய் வைத்திருக்கிறான், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். சொல்லியிருந்தால் என் கால் பிரேக்கை விட்டே இருக்காது. அதுவும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

எழுந்து போய் அவன் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினேன். அவன் தடுக்கவில்லை.

"பைத்தியக்காரா, அங்க நிக்கிறதுக்கு எடமே இல்லையே!"

வெர்லின் என் கைகளைப் பிடித்துக்கொண்டான்.

"ஒரு ஆளுக்கு இருந்துச்சு" என்றான்.